ஐந்து நிமிட நோயாளி

ஜூன் 3, செவ்வாய்

போனிலேயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஷைனி மேடம் போட்ட முதல் உத்தரவு: தினமும் டைரி எழுத வேண்டும், அதில் அன்றைக்குப் படித்த ஃப்ரேசல் வெர்ப், அதாவது குட்டி வார்த்தை ஒட்டிக்கொண்ட வினைச்சொல், ஒன்றாவது வர வேண்டும். இங்கிலீஷில்தான் எழுதச் சொன்னார். உட்கார்ந்தால் 'டுடே ஐ வென்ட் டு டியூட்டி' என்பதற்கு மேல் பேனா நகரமாட்டேன் என்கிறது. அதனால் தமிழில் எழுதி, ஃப்ரேசல் வெர்பை மட்டும் நடுவில் சொருகிவிடப் போகிறேன். மேடம் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். பாளையங்கோட்டைக்கு வந்து என் நோட்டைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.

பரீட்சை ஜூலை 26. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நினைக்கும் நர்ஸுகளுக்கென்றே நடத்தும் இங்கிலீஷ் பரீட்சை. கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றையும் சமாளித்துவிடுவேன். பேசுவதில்தான் போன தடவை கவிழ்ந்தேன். ஒரு கார்டு கொடுப்பார்கள். நோயாளி யார், என்ன பிரச்சினை என்று அதில் இருக்கும். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார், நான் நர்ஸாக நடிக்க வேண்டும். ஐந்து நிமிடம். பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறவள், நர்ஸாக நடிக்கத் தெரியாமல் ஃபெயிலானேன். இதை வார்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் நோயாளி வேஷம் என் வீட்டுக்காரர் ராஜசெல்வினுக்கு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வேறு ஆளும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இவருக்கு ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. கண்ணாடி மேல் வைக்கிற காகிதத்தை எல்லாம் வாசித்து வாசித்தே இவருக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ் வந்துவிட்டது. மேடம் அனுப்பிய கார்டுகளை அச்சடித்து லேமினேட் செய்து, மூலையை வட்டமாக வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். நாற்பது கார்டு.

இன்றைய வெர்ப்: லுக் ஆஃப்டர். கவனித்துக்கொள்வது. லுக் என்றால் பார்ப்பது, ஆஃப்டர் என்றால் பிறகு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் கவனித்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தமோ.

இவருக்கு வயிற்று வலி விடவில்லை. முதுகு வரை போகிறதாம். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

மேடம் சொல்லும் கணக்கு இது. வெள்ளைக்கார நோயாளி புத்தக இங்கிலீஷ் பேசமாட்டான், சின்னச் சின்ன வார்த்தையை ஒட்டுப்போட்டுத்தான் பேசுவான். வாமிட்டிங் இருக்கிறதா என்று கேட்காதே, த்ரோ அப் செய்தீர்களா என்று கேள். வாந்தி என்றால் த்ரோ அப்.

"வாந்தியை எவம்ட்டி மேல தூக்கி எறியுவான்? கீழ இல்லா விழும்" என்றார் செல்வின்.

இன்று அவர் மிஸஸ் பேட்டர்சன், வயது எழுபத்திரண்டு, முழங்கால் மாற்றியிருக்கிறது. துண்டை முக்காடு போட்டு, குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினார். கேன்டீன் சாம்பாரை எத்தனை நாள் புட் அப் வித் செய்வது என்றார். சகித்துக்கொள்வதற்கு இங்கிலீஷில் மூன்று வார்த்தை வேண்டியிருக்கிறது. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். போனில் பதிவு செய்து அப்படியே அனுப்பினேன்.

மேடத்தின் பதில் குரலிலேயே வந்தது. அவர் கோட்டயத்துக்காரர், தமிழும் பேசுவார். "ஹெப்சிபா, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா நீங்க ரூமுக்குள்ள நுழைஞ்ச உடனே 'டோண்ட் வொர்ரி, யூ வில் பி ஆல்ரைட்' சொல்றீங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியும், என்ன பயம்னு ஒரு வார்த்தை கேக்கலை. முதல் கேள்வி அதுதான்: இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்? அதைக் கேக்காம விட்டா மார்க் போச்சு. போன தடவை நீங்க விழுந்ததும் அங்கதான்."

நம் ஊரில் அதைக் கேட்டால் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான். 'எனக்கு என்ன தெரியுமா? அப்போ என்னமோ இருக்கு' என்பான்.

இன்னொன்று. திடமாக, நலமாக இருப்பதை ஹேல் அண்ட் ஹார்ட்டி என்று நான் சொன்னதற்கும் மேடம் சிரித்தார். இங்கிலாந்தில் அதைச் சொன்னவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்களாம்.

ஜூன் 9, திங்கள்

காலை டியூட்டி. பன்னிரண்டாம் கட்டில் டிஸ்சார்ஜ். புதிய பெட்ஷீட் வரவில்லை, சண்டை போட்டு வாங்கினேன். இவரை வம்பாகக் கூட்டிப்போய் எங்கள் டாக்டரிடம் காட்டினேன். புதிதாகச் சர்க்கரை வேறு இருக்கிறது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்தார். ஸ்கேன் எழுதினார்.

வெர்ப்: ஃபைண்ட் அவுட். கண்டுபிடிப்பது.

ஜூன் 12, வியாழன்

ரிப்போர்ட் என் கைக்குத்தான் முதலில் வந்தது. கணையத்தில் கட்டி. ஈரலில் பரவியிருக்கிறது. ஐந்து பக்கம், கடைசிப் பக்கத்தின் கீழே நான்கு வரி.

நோயாளியோடு வந்தவரை நாங்கள் எப்போதும் வெளியே கூப்பிடுவோம். "அட்டெண்டர் யாரு? கொஞ்சம் வெளிய வாங்க." கதவைச் சாத்திவிட்டுச் சொல்வோம். அவர்கள் அழுது, முகம் கழுவி, உள்ளே போய் "ஒண்ணுமில்லையாம், அல்சராம்" என்பார்கள். நூறு பேரையாவது அப்படிக் கூப்பிட்டிருப்பேன். வார்டிலேயே அதற்கு நல்ல கை என்று என்னைத்தான் அனுப்புவார்கள்.

இன்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். ஆறு மாதம் சொல்லலாம், குறைவாகவும் இருக்கலாம் என்றார். "அவர்கிட்ட என்ன சொல்லட்டும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

"கணையம் வீங்கியிருக்கு, மருந்துல வத்திரும்னு சொல்லுங்க" என்றேன்.

அப்படியே சொன்னார். இவர் தலையாட்டினார். ராத்திரிக்கு இட்லி.

ஜூன் 13, வெள்ளி

சென்னையில் இன்னொரு டாக்டரிடம் காட்ட ரிப்போர்ட்டின் பிரதி வேண்டும் என்று இவருடைய அண்ணன் ஜெயசிங், எனக்குப் பெரிய அத்தான், போனில் சொன்னார். பெரிய அத்தானுக்கு மட்டும்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரன் பெண்டாட்டி ஜெராக்ஸ் எடுக்க வேறு கடைக்குப் போவதை நினைத்தால் சிரிப்புதான். மார்க்கெட் பக்கம் ஷேக் மதார் பாய் கடைக்குப் போனேன். பாய் இல்லை, கல்லாவில் ஒரு பெண் இருந்தாள். எடுத்துக்கொண்டு டியூட்டிக்கு ஓடிவந்தேன்.

மதியம் பையைப் பார்த்தால் பிரதி ஐந்து பக்கம் இருக்கிறது, அசலில் நான்குதான் இருக்கிறது. கடைசிப் பக்கம் இல்லை. மிஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இவர் தினமும் தலையில் அடித்துக்கொள்வாரே, "பிரதியைப் பத்திரமா எடுத்துக்கிட்டு அசலை விட்டுட்டுப் போயிருதாங்கட்டி" என்று, அதையே செய்திருக்கிறேன். பர்மிஷன் போட்டு ஓடினேன். கடை பூட்டியிருந்தது, பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். சாயங்காலம் போவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.

வெர்ப் எதுவும் படிக்கவில்லை.

ஜூன் 14, சனி

பீரோவில் இருக்கும் ஃபைலைத் திறந்தால் கடைசிப் பக்கம் அதிலேயே இருக்கிறது. நான்காம் பக்கத்துக்குப் பின்னால், ஒழுங்காக. பதற்றத்தில் நேற்று சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நல்லவேளை. மதார் பாய் கடைக்கு இனிப் போக வேண்டியதில்லை.

பெரிய அத்தான் தூத்துக்குடியிலிருந்து வந்தார். இவர் குளிக்கப் போன நேரத்தில் வராந்தாவில் முடிவானது: ஜூலை 7 சென்னையில் அட்மிஷன், கீமோ. கிருமி ஏறியிருக்கிறது, டிரிப்ஸ் போட வேண்டும் என்று இவரிடம் சொல்வது.

"அவனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே முடிஞ்சு போவான் ஹெப்சி. சின்ன வயசுல ஊசிக்கே ஓடுதவன். நீ வாயைத் தொறக்கப்படாது" என்றார்.

"நான் எதுக்கு அத்தான் சொல்லப் போறேன்?" என்றேன்.

குளித்துவிட்டு வந்தவர் அண்ணனைப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் என் சொத்தைப் பிரிச்சு முடிச்சாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 16, திங்கள்

புட் ஆஃப். தள்ளிப்போடுவது.

ஜூன் 19, வியாழன்

இன்றைய பாடம் ஜோடி வார்த்தைகள். சேஃப் அண்ட் சவுண்ட், சிக் அண்ட் டயர்ட், ஷார்ட் அண்ட் ஸ்வீட். முன்பின் மாற்றிச் சொல்லக்கூடாதாம். சவுண்ட் அண்ட் சேஃப் என்றால் பொருள் அதேதான், ஆனால் வெள்ளைக்காரன் ஒரு மாதிரி பார்ப்பானாம்.

"நம்மகிட்டயும் அப்படித்தானட்டி" என்றார் இவர். "நோய் நொடி. நொடின்னா என்ன? தனியா எவனுக்காவது நொடி வந்திருக்கா? நல்லது கெட்டதுன்னுதான் சொல்லுதோம். கெட்டது நல்லதுன்னு யாரு சொல்லுதா? நல்லதுதான் முதல்ல வரணும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். நாங்கள் நல்லதை முதலில் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்.

ஃப்ரேசல் வெர்பும் நம்மிடம் இருக்கிறதாம். "பாத்துக்க, பாத்துரு, பாத்துப் போ, பாத்துக்கிட்டே இரு. எல்லாம் ஒரே பாரு. இங்கிலீஷ்காரன் தமிழ் படிக்க வந்தா மண்டை காஞ்சு ஓடிருவான்." சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். வலிக்கும்போது அப்படித்தான் உட்காருகிறார்.

முழங்கால், சர்க்கரை எல்லாம் போதும், பெரிய வியாதியாகக் கொடு என்று கேட்டார். கார்டுக் கட்டில் சிவப்பு மூலை வைத்தவை கஷ்டமான கார்டுகள். அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். "அது பரீட்சைக்கு வராது" என்றேன்.

"பொய் சொல்லாதட்டி. அச்சடிச்சவன் நான்" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

பரீட்சையை விட்டுவிடலாமா என்று நேற்று முழுவதும் ஓடியது. கிவ் அப். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. மேலே கொடுத்துவிட்டால் கைவிட்டதாக அர்த்தம். இதை யோசித்தவன் ஜெபம் பண்ணுகிறவனாக இருக்க வேண்டும்.

ஆனால் விட முடியாது. "ஏம்ட்டி விட்டுட்ட?" என்று இவர் கேட்டால் என்ன சொல்வது? லண்டனுக்குப் போகிற ஆசை எனக்கு எட்டு வருஷமாக இருக்கிறது. முதலில் நான் போவது, ஒரு வருஷத்தில் இவர் வருவது, அங்கேயும் ஒரு ஜெராக்ஸ் கடை போடுவது. இதைத் திடீரென்று மடக்கி வைத்தால் இவர் மண்டையில் மணி அடித்துவிடும். அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து இரண்டு கார்டு போடுகிறோம். படிக்கிற மாதிரி நானும் நடிக்கிறேன். இந்த நடிப்பு நன்றாகவே வருகிறது.

இரண்டு கிலோ குறைந்திருக்கிறார்.

ஜூன் 28, சனி

இவருக்கு லேமினேஷன் பைத்தியம் முற்றிவிட்டது. மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் 'முதலில் வால்வு, பிறகு சுவிட்ச்' என்று லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் சின்னதாக ஒரு லேமினேட் அட்டை: கடை ஷட்டர், மாடிக் கதவு, பீரோ, சர்ச் கல்லறைத் தோட்ட கேட். கடைசிச் சாவி இவருடைய அப்பா கமிட்டியில் இருந்த காலத்தது, அதை எங்கே தேடிப் பிடித்தாரோ.

கேஸ் இணைப்பை என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. "நீ லண்டன் போன பிறகு இதெல்லாம் யாரு அலையுதது?" என்றார். நான் லண்டன் போன பிறகு கேஸ் இணைப்பு எதற்கு என் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். பால் பொங்கிவிட்டது, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கடையில் பெரிய மிஷினில் பேப்பர் சிக்கினால் எப்படி எடுப்பது என்றும் காட்டிக்கொடுத்தார். மூன்று தடவை என்னையே எடுக்க வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் நர்ஸா, மெக்கானிக்கா?

ஜூலை 2, புதன்

சிவப்பு மூலைக் கார்டு ஒன்றை இவரே உருவி எடுத்துவிட்டார். மிஸ்டர் காலின்ஸ், வயது ஐம்பது, ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கிறார். இன்று முக்காடு இல்லை, கீச்சுக் குரல் இல்லை. சாதாரணமாக உட்கார்ந்து, இவர் குரலிலேயே பேசினார்.

ஐ வில் கெட் ஓவர் இட், வோண்ட் ஐ, என்று கேட்டார். இதிலிருந்து மீண்டுவிடுவேன்தானே என்று அர்த்தம். சாப்பாடு எப்படி இறங்குகிறது என்று நான் கேட்டேன். மறுபடியும் கேட்டார். பிசியோதெரபி பற்றிச் சொன்னேன். மூன்றாம் தடவை, "உங்கள் சொந்தக்காரராக இருந்தால் சொல்லுவீர்களா, சிஸ்டர்?" என்றார். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அவரையே கேளுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்துக்குப் போனில் வைத்திருந்த மணி அடித்தது. இவர் தண்ணீர் குடித்துவிட்டு டிவி போட்டார்.

பதிவை வழக்கம்போல் அனுப்பிவிட்டேன். மேடத்தின் பதில்: "மார்க் சொல்லலை இன்னைக்கு. உங்க பேஷண்ட் மூணு தடவை ஒரே கேள்வி கேட்டார், நீங்க மூணு தடவை பேச்சை மாத்தினீங்க. ஹெப்சிபா, நடிக்கிறது யாரு? உங்க ஹஸ்பண்டா? அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ஹி இஸ் ஃபைன் மேடம் என்று அடித்து அனுப்பினேன். அடித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

நாளைக்குச் சென்னை. காலை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்தோம். மட்டன் எடுத்தேன், இவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். மூன்று மணிக்குச் சூட்கேஸை விரித்து வைத்து வேட்டியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"வாட்டி, ஒரு கார்டு போடுவோம்."

"இன்னைக்கு வேண்டாங்க. அடுக்க வேண்டியது கிடக்கு."

"ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு நான் நர்ஸு."

கையில் புதிய கார்டு. மேடம் அனுப்பியது இல்லை, இவரே அடித்து லேமினேட் செய்தது. இன்னும் சூடு ஆறவில்லை. இங்கிலீஷில் இருந்தது: நீங்கள் நாற்பத்தேழு வயது ஆண் நோயாளி ஒருவரின் மனைவி. நர்ஸ் உங்களிடம் பேச விரும்புகிறார்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, போனில் ஐந்து நிமிடம் வைத்தார். குட் ஆஃப்டர்நூன் சொன்னார். பெயர் கேட்டார், சொன்னேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். வாட் டூ யூ நோ ஸோ ஃபார்? இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்?

வேட்டியை மறுபடியும் பிரித்து மடித்தேன்.

"டேக் யுவர் டைம்" என்றார்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். தமிழில்தான் வந்தது. "கணையத்துல கட்டி. ஈரலுக்குப் பரவிட்டு. ஆறு மாசம்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லாண்டாம்னு சொன்னேன். அத்தான் இல்ல, டாக்டர் இல்ல, நான்தான்."

இவர் தலையாட்டினார். கார்டைப் பார்த்தார், அடுத்த வரி என்ன என்று பார்க்கிற மாதிரி. "தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ" என்றார். அதற்கு மேல் அவருக்கும் இங்கிலீஷ் ஓடவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன் பதிமூணு. மதார் பாய் ஜும்மாவுக்குப் போற வழியில கடைக்கு வந்தாரு. 'செல்வின், உங்க பேரு போட்ட தாளு ஒண்ணு எங்க மிஷின்ல கிடந்துச்சு'ன்னு மடிச்சுக் குடுத்தாரு. கண்ணைப் பார்க்காமக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ராத்திரி நீ தூங்கின பிறகு ஃபைல்ல சொருகி வச்சேன். அந்த நாலு வரியை நான் இருபது வருஷமா ஜெராக்ஸ் போடுதேன் ஹெப்சி. இன்ஷூரன்ஸுக்கு மூணு காப்பி, கலெக்டர் ஆபீஸுக்கு ரெண்டு காப்பி. எடுத்துட்டுப் போறவங்க எத்தனை மாசத்துல இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வாராங்கன்னும் எனக்குத் தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீ பரீட்சைக்குப் படிக்கியேன்னுதான். தெரிஞ்சுட்டுன்னா புஸ்தகத்தை மூடிருவேல்லா."

நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இல்லை, சத்தம் போட்டு அழுதேன். இரண்டு பேரும் மூன்று வாரமாக ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று இன்னொருவர் நடித்திருக்கிறோம். எனக்கு ஆத்திரமும் வந்தது. தலையணையை எடுத்து அவர் மேல் எறிந்தேன்.

"மெதுவாட்டி, நோயாளி" என்றார்.

மணி அடித்தது. ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இவர் அதை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சென்னைக்கு நான் வரலை. அங்க போய்ப் படுத்துக்கிட்டு வாந்தி எடுத்துக் கிடக்கதுக்கு, இங்க நடக்க முடியுத வரைக்கும் கடையைத் தொறக்கேன். வலிக்கு மட்டும் மருந்து குடு, அது உனக்கே தெரியும். இதை எங்கிட்ட யாரும் கேக்கலையே, அதான் எனக்கு வருத்தம். மத்தபடி ஒண்ணுமில்ல."

சூட்கேஸைக் காலி செய்தேன். ஆறு மணிக்குப் பெரிய அத்தானுக்குப் போன் போட்டேன். இவர் சென்னைக்கு வரவில்லை என்று சொன்னதும் அத்தான் சத்தம் போட்டார். "சொல்லிட்டியா? வாயைத் தொறக்கப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அவங்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்தான்," என்றேன். "அவுகதான் எங்கிட்ட சொன்னாவ."

ஜூலை 7, திங்கள்

கடை திறந்தார். மதியம் வரை.

ஜூலை 19, சனி

கடைக்கு நாற்காலி மாற்றியாயிற்று, சாய்கிற மாதிரி. பெரிய அத்தான் மூன்று நாளாகக் கடையிலேயே உட்கார்ந்து ஜெராக்ஸ் போடுகிறார். எல்லாக் காகிதத்தையும் தலைகீழாக வைக்கிறார். இரண்டு பேரும் சின்ன வயசுக் கதை பேசிச் சிரிப்பது ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கிறது. இந்தக் கதையை எல்லாம் சென்னையில் யார் பேசியிருப்பார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல் இரண்டு கார்டு. சிவப்பு மூலை.

ஜூலை 26, சனி

மதுரையில் பரீட்சை. காலை ஐந்து மணி பஸ். பேசுகிற பகுதியில் கார்டு வந்தது: அப்பாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது, மகளிடம் பேச வேண்டும். எதிரே ஓர் அம்மாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, உங்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் பேசினார். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அவரே பேசினார்.

வெளியே வந்து போன் போட்டேன்.

"முதல்ல கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"எல்லாம் தெரியும்னா."

"அப்படித்தாம்ட்டி. எல்லாருக்கும் தெரியும். சரி, பாத்து வா."

அக்டோபர் 9, வியாழன்

நோட்டைத் தொட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். பரீட்சையில் பாஸ். செல்வின் செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு வீட்டில் இறந்தார். ஆகஸ்ட் பாதி வரை கடைக்குப் போனார். வலி பெரும்பாலும் கட்டுக்குள்தான் இருந்தது, அதை நான் பார்த்துக்கொண்டேன். கல்லறைத் தோட்ட கேட்டுக்குச் சாவி தேட வேண்டியிருக்கவில்லை.

பாஸ் அவே என்று மேடம் எழுதியிருந்தார். கடந்து தூரமாகப் போவது. எனக்கு இறந்தார் என்பதே போதும்.

லண்டன் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஏஜென்சி ஜனவரி வரை நேரம் கொடுத்திருக்கிறது. டியூட்டி முடிந்து இரண்டு மணி நேரம் கடை திறக்கிறேன். நேற்று பேப்பர் சிக்கியது, நானே எடுத்தேன். மதார் பாய் டோனர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்றைக்குப் போலவே கண்ணைப் பார்க்காமல் போனார்.

போனில் இடமில்லை என்று இன்று காட்டியது. பழையதை அழித்தால்தான் புதிதாக எதுவும் ஏறும் என்கிறது. ஆகப் பெரிதாக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது கார்டுப் பதிவுகள். ஐம்பத்திரண்டு இருக்கிறது. எதை அழிக்கலாம் என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். ஜூன் 5, மிஸஸ் பேட்டர்சன், முழங்கால். கீச்சுக் குரலில் சாம்பாரைத் திட்டுகிறார். நான் இடையில் புகுந்து, டோண்ட் வொர்ரி, யூ வில் பி ஆல்ரைட் என்கிறேன். சிரிக்கிறேன். சிரித்ததில் அடுத்து என்ன கேட்பது என்று மறந்து முழிக்கிறேன். ஃபேன் ஓடுவது மட்டும் கேட்கிறது. அப்புறம் கீச்சுக் குரலை விட்டுவிட்டு, இவர் குரலிலேயே சொல்கிறார்:

"என்னட்டி நிறுத்திட்ட? இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. கேளு."

எதையும் அழிக்கவில்லை. வேறு போன் வாங்கிக்கொள்ள வேண்டும்.